காக்காப்பொன் வேலாயி

கல்லோடைத் தோட்டத்து வேலாயியப் பத்திப் பேச்செடுத்தா, எல்லாரும் மொதல்ல அவ வாயப் பத்தித்தான் சொல்லுவாங்க. அடேயப்பா, என்ன வாய்! நோர்வூட் சந்தையில அவ கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினா கினிகத்தேனையில உக்காந்து கேக்கலாம்னு அவ புருசன் பழனியாண்டியே சொல்லுவான். ஆனா நெசத்தச் சொல்லணும்னா, வேலாயி கதை அவ வாயில தொடங்கல. அவ கம்பளியிலதான் தொடங்குது.

மழைக்குத் தலையில போட்டுக்கிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுப்பாங்களே, அந்தக் கருப்புக் கம்பளிதான். தோட்டத்துச் சனம் வரிசையாக் குடியிருக்கிற லயத்துல எல்லாப் பொம்பளைகிட்டயும் ஒண்ணு இருக்கும். வருசத்துல பாதி மழை பெய்யிற மலையில அது வெறும் துணியா? பாதி வீடு. கம்பளி இல்லாம மலைக்கு ஏறினவ ரெண்டு நாள்ல இருமிக்கிட்டுக் கெடப்பா. வேலாயி கம்பளி எல்லாத்தையும் விட மோசம். ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டுத் தச்சு, நிக்க வச்சா தானா நிக்கும்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துல. அரிசிக்கே கூப்பன் தூக்கிக்கிட்டு அலைஞ்ச நேரம், பொன்னுக்கு எங்க போறது? பழனியாண்டி மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கெழங்கக் கட்டி அவ கழுத்துல போட்டான். "அடுத்த வருசம் பொன்னாப் போட்டுர்றேன் புள்ள"ன்னு சொன்னான். பாவம், பொய் சொல்லணும்னு சொல்லல. அடுத்த வருசம் வந்துச்சு, அதுக்கு அடுத்ததும் வந்துச்சு, மவன் மூக்கன் பொறந்தான், பொன்னு மட்டும் வரல. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் ஓடைக்குப் போயி, பழைய கெழங்கத் தண்ணியில விட்டுட்டுப் புதுக் கெழங்கு கட்டிக்கிட்டு வருவா. அடுத்த வீட்டுப் பொம்பளைங்க புதுக் கயித்துல தங்கத் தாலிப்பொட்டக் கோக்கிறப்ப இவ முகத்தத் திருப்பிக்குவா. வாய் இருந்து என்ன செய்ய? அந்த எடத்துல அவளுக்குப் பேச்சு வராது.

அம்பத்து மூணாம் வருசம் ஆடிப்பெருக்கன்னைக்குத்தான் அந்தத் தப்பு நடந்துச்சு. கெழங்கு மாத்தப் போனவ, அப்படியே சேறும் அட்டையுமாக் கெடந்த கம்பளியையும் அலசிருவோம்னு ஓடையில விரிச்சு, நாலு மூலைக்கும் கல்லத் தூக்கி வச்சா. ஓடுற தண்ணி தானா அழுக்க எடுத்துக்கிட்டுப் போயிரும், கை நோகாது. லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் செய்யிற வேலைதான். ஆனா ஒரு நாழிகையில எடுத்துருவாங்க. இவ கரையில நின்னு யாருகிட்டயோ வாயக் குடுத்தா பாருங்க, மேல மலையில மழை கொட்டினது தெரியல. செவசெவன்னு வெள்ளம் வந்து கல்லும் கம்பளியும் எங்க போச்சுன்னே தெரியாமப் போச்சு.

அந்த ஆடி முடியிற வரைக்கும் அவ தலையில சாக்கப் போட்டுக்கிட்டுத்தான் கொழுந்து எடுத்தா. நடுங்கி நடுங்கி விரல் விறைச்சுப்போச்சு. தண்ணி வத்தின பின்னால போயிப் பாத்தா, கம்பளி எங்கயும் போகல. அதே கல்லுக்கடியில மணலுக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. ரெண்டு பேரு சேந்து இழுத்துத்தான் எடுக்க முடிஞ்சுது, அம்புட்டுக் கனம். கூரையில காயப் போட்டா, வெயில் பட்டதும் ரோமத்துக்குள்ள மினுக் மினுக்குன்னு ஒரு வெளிச்சம்.

"காக்காப்பொன்னு புள்ள. இந்த மலை பூராக் கெடக்கு"ன்னான் பழனியாண்டி.

வேலாயிக்கும் காக்காப்பொன் தெரியும். பாறையில தகடு தகடா உரிஞ்சு வருமே, புள்ளைங்க நெத்தியில ஒட்டிக்கிட்டு வெளையாடுமே, அதுதான். ஆனா அவளுக்கு மனசு கேக்கல. கம்பளியில நைஞ்ச பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுக் கொளுத்தினா. சாம்பலச் செரட்டையில அள்ளி, லயத்துக்குத் தண்ணி வந்து கொட்டுற பீலியில காட்டி ஆட்டினா. சாம்பல் போச்சு. வெள்ளையா மினுங்கின தகடெல்லாம் தண்ணியோட மெதந்து போச்சு. செரட்டையோட அடியில கருமணலும், அது ஓரத்துல மஞ்சளா ஒரு கோடும் நின்னுச்சு. எப்படி ஆட்டினாலும் அது நகரல.

ஞாயித்துக்கெழமை அதத் துணியில முடிஞ்சுக்கிட்டு ஹட்டனுக்குப் போனா. அங்க வீரய்யா பத்தர்னு ஒருத்தர் பட்டறை போட்டிருந்தாரு. கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, ஊசி மொனையில ஒரு துணுக்க எடுத்து நசுக்கினாரு. உடையல, தட்டையாச்சு. ஒறைகல்லுல ஒரசினாரு, தண்ணியத் தொட்டு வச்சாரு. அப்புறம் நிமிந்து பாத்தாரு.

"எங்க புடிச்ச ஆத்தா இத? நல்ல பொன்னுதான்" அப்படின்னாரு.

வேலாயி பட்டறை மேல குனிஞ்சா. "இது ஒரு தாலிப்பொட்டுக்கு ஆகுமா பத்தரே?"

பத்தர் சிரிச்ச சிரிப்புல கரிப்பொடி பறந்துச்சு. "இத வச்சு ஈக்கு மூக்குத்தி குத்தலாம். கொசு கேட்டா அதுக்கும் ஒண்ணு செய்யலாம்."

"சிரிங்க சிரிங்க. ஒரு நாளைக்கு உங்களயே எங்க லயத்துக்கு வரவழைச்சு உருக்க வைக்கிறேனா இல்லையான்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

வந்தவ சும்மா இருந்தாளா? பீலிக்கரையில நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிப்புட்டா. "என் கழுத்துல ஏறாத பொன்னு என் மருமவ கழுத்துல ஏறும். இந்த ஓடைதான் குடுக்கும்." கேட்டவங்க எல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல, தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா காதுக்கும் போயிருச்சு. ஆள் கூப்பிடுறப்ப அவரு, "எங்கடி காக்காப்பொன்னு வேலாயி?"ன்னு கேட்டாரு. பெரட்டுக் களமே கொல்லுன்னு சிரிச்சுது. அன்னையில இருந்து அதுதான் அவ பேரு. கொழுந்து நிறுக்கிற எடத்துலயும் அதே பேரு, கோயில்ல பொங்கல் வாங்குற எடத்துலயும் அதே பேரு. பின்னால எங்கயோ ஒரு சிரிப்புக் கேட்டா தன்னயத்தான்னு அவளுக்குத் தெரியும். சில நாள் வீட்டுக்கு வந்து அழுவா. அழுதுட்டு மூக்கச் சிந்திப்புட்டு, "சிரிக்கட்டும், பல்லு சுளுக்கிக்கிரட்டும்" அப்படிம்பா.

ஆடி பொறக்கப் போகுதுன்னா வீடு வீடாப் போயிக் கெழட்டுக் கம்பளி கேப்பா. "இந்தா காக்காப்பொன்னு, தங்கமா வெளைய வச்சுக் கொண்டா"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே குடுப்பாங்க. அதுங்கள எல்லாம் ஓடையில விரிச்சு, பெரிய பெரிய கல்லா வச்சு அழுத்திருவா. மழை முடிஞ்சதும் எடுத்துக் காய வச்சு, கொளுத்தி, அலசி, அடியில நிக்கிறத ஒரு தைலப் போத்தல்ல போட்டு வப்பா. ஆனா அவளும் சிக்கனக்காரி பாருங்க. எந்தக் கம்பளியிலயாவது கெட்டியா ஒரு மூலை இருந்தா அதக் கொளுத்த மனசு வராது. வெட்டி எடுத்து, தான் போட்டிருக்கிற கம்பளிக்கு ஒட்டுப் போட்டுத் தச்சுக்குவா. வருசா வருசம் ஒட்டு கூடுச்சு, கம்பளி கனத்துச்சு.

நடுவுல ஒரு வருசம், கொழும்புல இருந்து அரசாங்கத்து ஆளு ஒருத்தரு வந்தாரு. மலைநாட்டு ஆறு ஓடையில எல்லாம் என்ன கல்லு, என்ன உலோகம் கெடக்குன்னு பாத்துக்கிட்டுப் போற சிங்கள அதிகாரி. நல்ல மனுசன், அட்டை கடிக்கிறதையும் பாக்காம ஓடையில எறங்கித் தட்டுல மணல அள்ளி அள்ளி ஆட்டினாரு. கண்டாக்கையா பக்கத்துலயே கைகட்டி நின்னாரு. கரையில கூட்டம் கூடிப்போச்சு. வேலாயி கூடைய எறக்கிட்டு ஓடி வந்தா. நெறையா இருக்குன்னு இந்த மனுசன் சொல்லிட்டா என்ன ஆகும்? வேலியப் போட்டுருவாங்க, ஓடையத் தோண்டிருவாங்க, லயத்தையே பேத்தாலும் பேத்துருவாங்க. இல்லவே இல்லன்னு சொல்லிட்டாலோ, இத்தன வருசம் சிரிச்சவங்க சிரிச்சது சரின்னு ஆயிரும். மாரியாத்தா, இவரு எதத்தான் சொல்லணும்னு நான் வேண்டிக்கிறதுன்னு அவளுக்கே தெரியல.

அதிகாரி தட்டக் கண்டாக்கையா பக்கம் சாச்சுக் காட்டி, "ரத்தரன் தியனவா" அப்படின்னாரு.

தங்கம் இருக்கு! அம்புட்டுச் சிங்களம் வேலாயிக்குத் தெரியும். சந்தையில கேட்டுப் பழகினதுதான். கரையில இருந்த சிரிப்பு எல்லாம் கப்புனு நின்னுச்சு. கண்டாக்கையாவுக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. ஆனா அதிகாரி தலையாட்டிட்டு இன்னும் பேசினாரு. கண்டாக்கையா மூஞ்சி சுருங்கிக்கிட்டே வந்து, கடைசியில கூட்டத்துக்குத் தமிழ்ல சொன்னாரு.

"நாட்டோட தங்கம்னா பெட்டியில பூட்டி வச்சிருக்கிறது மட்டும் இல்லயாம். மண்ணுக்கடியில கெடக்கிறதும் சொத்துதானாம். ஆனா அதத் தோண்டி எடுக்கிற கூலியக் கழிச்சுப் பாத்துட்டுத்தான் மதிப்புச் சொல்லணுமாம். இங்க கழிச்சா மிச்சம் ஒண்ணும் நிக்காதாம். இருக்கு, ஆனா நாட்டுக்குக் காணாது. போங்க போங்க, எல்லாரும் வேலையப் பாருங்க."

வேலாயி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டா. அதிகாரியக் கும்புட்டாளா, ஓடையக் கும்புட்டாளான்னு யாருக்கும் வெளங்கல. "அவரு சொன்னது ஞாயம். நாட்டுக்குக் காணாது. ஆனா எனக்குக் கூலி யாரு குடுக்கிறா? தோண்டுறது மழை, அரிக்கிறது கம்பளி, நான் சும்மா கல்லு வக்கிறவ"ன்னு சொன்னா. பாருங்க, காணாதுன்னு அந்த மனுசன் சொன்னதாலதான் அந்த ஓடை அவளுக்குத் தப்புச்சு. அதுக்கப்புறம் கண்டாக்கையா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

காலம் ஓடிருச்சு. மூக்கன் மலையில தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுற ஆளா வளந்துட்டான். தோட்டத்துக் கீழ்ப்பிரிவு ராசம்மா மவ அழகம்மாமேல அவனுக்கு ஒரு இது. அந்தப் புள்ளைக்கும்தான். அறுபத்து நாலுல வேலாயியும் பழனியாண்டியும் வெத்தலை பாக்கோட பொண்ணு கேட்டுப் போனாங்க. ராசம்மா லேசுப்பட்டவ இல்ல. கீழ்ப்பிரிவுல வேலாயிக்குச் சமமா வாய் உள்ளவ யாருன்னா அவதான்.

"மாப்பிள்ளையப் பத்தி ஒரு கொறையும் இல்ல மதினி. ஆனா மஞ்சக் கெழங்கு கட்டுற வீட்டுக்கு எம்மவளத் தர மாட்டேன். என் ஆத்தா கழுத்துலயும் பொன்னு, என் கழுத்துலயும் பொன்னு. அவ மட்டும் என்ன பாவம் பண்ணுனா?"

வேலாயி கோவப்படல. கோவப்பட என்ன இருக்கு? அவ மனசுல இருக்கிறதத்தான் இவ சொல்றா. "பொன்னுதான் மதினி. ஆவணி மொத ஞாயித்துக்கெழமை எங்க லயத்து வாசல்ல பொன்னுருக்கு. ஹட்டன் பத்தரே வந்து உங்க கண்ணு முன்னால உருக்குவாரு. நீங்க ஒங்க சனத்தோட வாங்க."

"எந்தப் பொன்னு? அந்தக் காக்காப்பொன்னா?" ராசம்மா சிரிக்கல. அதுதான் இன்னும் வலிச்சுது. "வர்றேன். ஒரு பொட்டுக்கு ஆகலேன்னா அங்கயே வெத்தலையத் திருப்பி வச்சுருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது." உள்ள கதவுக்குப் பின்னால நின்ன அழகம்மா மூக்க உறிஞ்சினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

ஆவணி மொத ஞாயிறு. மழை லேசாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. வாசல்ல தகரத்த எறக்கிக் கட்டி, சாணி மொழுகி, நெறகுடம் வச்சிருந்தாங்க. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு ரெண்டு சனமும் வந்துருச்சு. கண்டாக்கையாவும் குடையப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்க வந்துட்டாரு. வீரய்யா பத்தர் குமுட்டி அடுப்ப மூட்டி, தராச எடுத்து வச்சாரு. வேலாயி தைலப் போத்தலக் குடுத்தா. கழுத்து வரைக்கும் நெறஞ்சிருந்துச்சு.

பத்தர் அதத் தட்டுல கொட்டினாரு. மடியில இருந்து ஒரு காந்தத்த எடுத்து மேல காட்டினாரு. அவ்வளவுதான். கருமணல் எல்லாம் மொசுமொசுன்னு எழும்பிக் காந்தத்துல ஒட்டிக்கிருச்சு. திரும்பத் திரும்ப இழுத்தாரு. தட்டுல மிச்சம் நின்னத ஒரு ஓரமா ஒதுக்கித் தராசுல போட்டாரு, மறு தட்டுல குன்றிமணிய வச்சாரு. எடுத்துட்டு மறுபடியும் வச்சாரு.

"ஆத்தா, பொன்னு சுத்தமான பொன்னு. ஆனா ஒரு பொட்டுக்குக் கொஞ்சம் காணாது." மெதுவாத்தான் சொன்னாரு. இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டுச்சு.

மூக்கன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். ராசம்மா எந்திரிச்சா. அவ முகத்துலயும் சந்தோசம் இல்ல, ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே. வெத்தலைத் தட்டுக்குக் கைய நீட்டினா. கண்டாக்கையா குடைக்குள்ள இருந்துக்கிட்டுக் கனைச்சாரு. வேலாயி காலிப் போத்தலக் கவுத்துத் தட்டினா.

பழனியாண்டிதான் பேசினான். சாது மனுசன், அழற மாதிரி இருந்தா கிண்டல் பண்ணுவான், அது அவன் சுபாவம். "என்ன புள்ள செய்யிறது? பாதி ஓடைய நீதான் முதுகுல போட்டுக்கிட்டுத் திரியிறியே"ன்னான்.

வேலாயி திரும்பி அவனப் பாத்தா. அப்புறம் தன் தோள்ல கெடந்த கம்பளியப் பாத்தா. ஒட்டுக்கு மேல ஒட்டு. அத்தன ஒட்டும் எங்க கெடந்த கம்பளி? ஒண்ணாவது கொளுத்தினதா? ஒண்ணாவது அலசினதா?

"அட, நான் ஒரு கூறு கெட்டவ!"ன்னு கத்திக்கிட்டே கம்பளிய உருவினா.

"ஏ புள்ள, ஏ புள்ள! மழைக்கு என்ன போடுவ?"ன்னு பழனியாண்டி கையப் புடிச்சான். போன தடவ சாக்கப் போட்டுக்கிட்டு அவ நடுங்கினத அவன் மறக்கல. "நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போறேன், விடுங்க!" கையத் தட்டிவிட்டுட்டு, வாசல்ல பொங்கப் பானைக்கு எரிஞ்சுக்கிட்டிருந்த அடுப்புல கம்பளியச் சுருட்டித் திணிச்சா. ரோமம் கருகின நாத்தத்துல எல்லாரும் முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டாங்க. ஒருத்தரும் போகல. ராசம்மா தட்டுமேல வச்ச கையோட நின்னா.

சாம்பலத் தகரத்துல வழிச்சு அள்ளினா. பீலிக்குக் கொண்டு போயிச் செரட்டையில கொஞ்சம் கொஞ்சமா ஆட்டினா. பின்னாலயே மொத்தச் சனமும் போச்சு. கரித்தண்ணி ஓடுச்சு, காக்காப்பொன் மினுக்கிக்கிட்டு ஓடுச்சு. அடியில நின்னத அவ பத்தரு முன்னால நீட்டினப்ப, கருப்புக்கு நடுவுல மஞ்சக் கோடு விரல் அகலத்துக்குக் கெடந்துச்சு.

"அடி ஆத்தே!" அப்படின்னது கண்டாக்கையா.

பத்தர் காந்தத்தக் காட்டி இழுத்துட்டு, மிச்சத்தையும் தராசுல கொட்டினாரு. தட்டு எறங்குச்சு. எறங்கி, குன்றிமணித் தட்டு மேல போயி நின்னுச்சு. அவரு எல்லாத்தையும் உருக்குற மூசையில போட்டு, வெங்காரத்தத் தூவி, ஊதுகுழல எடுத்து ஊத ஆரம்பிச்சாரு. கன்னம் உப்புது, கரி செவக்குது, மூசைக்குள்ள தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, சுருங்குது. பாத்துக்கிட்டே இருக்கிறப்ப, ஒரு சொடுக்குல எல்லாம் ஒண்ணாக் கூடி உருண்டு நின்னு பளீர்னுச்சு.

மொதக் குலவைய யாரு போட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? ராசம்மா! அவ குலவை போட, கீழ்ப்பிரிவு போட, மேல்பிரிவு போட, மலையே அதிர்ந்துச்சு. அவ வெத்தலைத் தட்டத் தூக்கினா, தூக்கி வேலாயி கையிலயே வச்சா. "மதினி, என் வாய மன்னிச்சுக்கங்க"ன்னா. "ஒங்க வாய் இருக்கட்டும், எனக்குப் பேச்சுத் தொணை வேணும்ல"ன்னு சொல்லிட்டு வேலாயி ஓன்னு அழுதா. பதினோரு வருச அழுகையில அது ஒண்ணுதான் வெளிய அழுதது.

"பொட்டுக்குப் போக ஒரு துளி மிஞ்சும் ஆத்தா"ன்னாரு பத்தர். "ஈ மூக்குத்திக்கு வச்சுக்கிர்றீங்களா?"

"கொசுவுக்கும் சேத்து அந்தப் பொட்டுலயே போட்டுருங்க பத்தரே. கனமா இருக்கட்டும்."

அந்த வாரமே அழகம்மா கழுத்துல அந்தப் பொட்டு ஏறுச்சு. மூக்கன் முடிச்சுப் போடுறப்ப வேலாயி கண்ண எடுக்கல. அவ கழுத்துல ஆடிக்குக் கட்டின மஞ்சக் கெழங்கு புதுசா மணந்துக்கிட்டு இருந்துச்சு.

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பெரட்டுல நல்ல மழை. வேலாயி சாக்கத் தேடி எடுக்கிறதுக்குள்ள, அழகம்மா தன் தாய்வீட்டுச் சீராக் கொண்டு வந்த புதுக் கம்பளிய விரிச்சு, மாமியாரு தலையிலயும் தன் தலையிலயுமாச் சேத்துப் போட்டுக்கிட்டா. ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள நின்னாங்க. மருமவ கழுத்துப் பொட்டு அந்த இருட்டுக்குள்ளயும் தெரிஞ்சுச்சு. மத்தப் பொம்பளைங்க அடுத்த ஆடிக்கு ஓடையில யாருக்கு எந்த எடம்னு இப்பவே சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

கண்டாக்கையா ஆள் கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. அந்தப் பேரு வந்ததும் நிறுத்தினாரு. தொண்டையச் சரி பண்ணிக்கிட்டு, மரியாதையா, "வேலாயி" அப்படின்னாரு.

அது யாரையோ கூப்பிடுறாருன்னு வேலாயி பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தா. அழகம்மாதான் இடுப்புல இடிச்சா, "மாமி, உங்களத்தான்." பெரட்டே அவளப் பாத்துச்சு. வேலாயிக்கு வெளங்கினதும் முகம் பூரா சிரிப்பு வந்துருச்சு. கம்பளிய வெலக்கிக்கிட்டு மழையில தலைய நீட்டி, நோர்வூட்டுக்கே கேக்கிற மாதிரி குரல் குடுத்தா.

"காக்காப்பொன்னு வந்திருக்கேங்க ஐயா!"